இன்ஸ்ப்ருக்: காலையில் பனிமலை, மாலையில் பழைய நகரம்

இன்ஸ்ப்ருக் நகரின் மரியா தெரேசியா தெருவில் நின்று வடக்கே பார்த்தால், கூரைகளுக்கு மேலே மலைதான் நிற்கிறது. இருபுறமும் துணிக்கடைகள், காபிக் கடைகள். நடுவே 1706-இல் எழுப்பிய புனித அன்னா தூண். அதற்கப்பால் பழைய நகரத்தின் கோபுரங்கள். இவை எல்லாவற்றையும் தாண்டி வெள்ளை வெளேரென்று எழுகிறது நோர்ட்கெட்டே மலைத்தொடர். நகரம் இருப்பது 574 மீட்டர் உயரத்தில். மேலே தெரியும் சிகரங்கள் 2,300 மீட்டரைத் தாண்டுகின்றன. குளிர்காலக் காலையில் அந்தத் தெருவழியே அலுவலகப் பையோடு ஒருவர் ட்ராமுக்கு விரைகிறார். பக்கத்திலேயே, கனத்த பூட்ஸும் தோளில் சறுக்குப் பலகைகளுமாக ஒரு கல்லூரி மாணவி நடக்கிறாள். அவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே அது அன்றாடம்.

ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு விடுமுறை என்றால் ஐரோப்பியர்கள் வழக்கமாக ஏதாவது ஒரு மலைக் கிராமத்தில் ஒரு வாரம் தங்குவார்கள். லிஃப்ட் திறக்கும் நேரத்தில் மேலே போய், அது மூடும்வரை சறுக்குவார்கள். நடக்கப் பழகிய கையோடு பலகையில் நிற்கவும் பழகியவர்களுக்கு அது சரியான ஏற்பாடு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ முதல்முறையாகப் பனியை மிதிக்கப் போகிற குடும்பத்துக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. நம் வீட்டில் பயணம் என்றால் பாட்டியும் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளையும் வரும். ஒருவருக்குச் சறுக்க ஆசை, ஒருவருக்குப் பழைய கோயில்களையும் அரண்மனைகளையும் பார்க்க ஆசை, இன்னொருவருக்கு வெயிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தால் போதும். அம்மா, மனைவி, மகள், நான் என்று நால்வராக ஒரு ஜனவரியில் அங்கே போய்வந்த பிறகு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: நகரத்தில் தங்கி மலைக்குப் போய்வருவதுதான் நமக்கு ஏற்ற முறை. அதற்கு இன்ஸ்ப்ருக்கைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து ஆல்ப்ஸில் இல்லை.

நாங்கள் ஜெர்மனியின் மியூனிக்கில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போனோம். ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ருக் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரோசன்ஹைமைத் தாண்டியதும் சமவெளி சுருங்குகிறது. குஃப்ஸ்டைனில் பாறைமேல் நிற்கும் கோட்டையைக் கடந்ததும் ஆஸ்திரியாவின் திரோல் மாநிலம். அதன்பின் இன் ஆற்றங்கரையோடு ஓடுகிறது ரயில். ஜன்னலை விட்டு அம்மா நகரவே இல்லை.

இவ்வளவு பெரிய மலைகளுக்கு நடுவே ஒரு நகரம் ஏன் வளர்ந்தது என்பதற்கு விடை தெற்கே இருக்கிறது. இங்கிருந்து தெற்கே ஏறினால் பிரென்னர் கணவாய். உயரம் 1,370 மீட்டர்தான். ஆல்ப்ஸின் முதன்மைத் தொடரைக் கடக்கும் பெரிய கணவாய்களில் இதுவே மிகத் தாழ்வானது. ரோமானியர் காலம்தொட்டு இத்தாலிக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையே சரக்குகளும் படைகளும் இந்த வழியாகத்தான் போயின. ஆற்றைக் கடக்கப் பாலம் வந்தது, பாலத்தையொட்டி ஊர் வந்தது. பக்கத்து ஊரான ஹாலில் உப்பு எடுத்தார்கள், சற்றுத் தள்ளி ஷ்வாட்ஸில் வெள்ளி எடுத்தார்கள். ஐரோப்பாவின் பெரிய வெள்ளி நாணயங்கள் 1486-இல் ஹாலில்தான் முதலில் அச்சாயின. பிரென்னர் வழியாக 1867-இல் ரயில் ஓடத் தொடங்கியது. மேற்கே ஆர்ல்பெர்க் மலையைக் குடைந்து 1884-இல் இன்னொரு பாதை திறந்தது. பனிக்காலத்தில் அடைபட்டுக் கிடந்த கிராமங்களுக்கு வெளியூர்க்காரர்கள் வந்ததும், பனிச்சறுக்கு ஒரு தொழிலாக வளர்ந்ததும் அந்தத் தண்டவாளங்களால்தான்.

முதல் நாள் நாங்கள் சறுக்கப் போகவில்லை; மலையைப் பார்க்கப் போனோம். பழைய நகரத்தின் ஓரத்திலேயே, தரைக்கடியில், காங்கிரஸ் என்ற நிலையத்திலிருந்து ஹுங்கர்புர்க் மலை ரயில் புறப்படுகிறது. இதன் நான்கு நிலையங்களையும் வடிவமைத்தவர் ஈராக்கில் பிறந்த கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீத். 2007-இல் திறக்கப்பட்டவை. பனி உருகி வழிந்து மறுபடி உறைந்த வடிவத்தில் வளைந்து கிடக்கின்றன அவற்றின் வெண்ணிறக் கண்ணாடிக் கூரைகள். ரயில் ஆற்றைக் கடந்து செங்குத்தாக ஏறும்போது, பெட்டிகள் தாமே சாய்வைச் சரிசெய்துகொள்வதால் உள்ளே தரை எப்போதும் மட்டமாகவே இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எந்தச் சிரமமும் இல்லை. 860 மீட்டரில் ஹுங்கர்புர்க். அங்கிருந்து கேபிள் காரில் 1,905 மீட்டர் உயரத்தில் ஸேகிரூபே. இன்னொரு கேபிள் காரில் ஹாஃபலேகார். இந்தக் கேபிள் கார்ப் பாதை 1928-இல் வந்தது. ஃபிரான்ஸ் பௌமன் அப்போது கட்டிய நிலையங்கள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. பயண நேரத்தை மட்டும் கூட்டினால் கடைத்தெருவிலிருந்து மலைமுகட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை.

மேலே நின்று தெற்கே பார்த்தால் நகரம் முழுவதும் காலடியில் கிடக்கிறது. ஆறு, விமான நிலையத்தின் ஓடுபாதை, பிரென்னருக்கு ஏறும் நெடுஞ்சாலை, அதற்கும் பின்னால் ஸ்டூபாய் மலைகள். திரும்பி வடக்கே பார்த்தால் ஒரு கூரைகூடத் தெரியாது. கார்வெண்டல் மலைகள் மடிப்பு மடிப்பாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரே இடத்தில் நின்று முகத்தை மட்டும் திருப்பி, மனிதர்கள் நிறைந்த உலகத்தையும் மனிதர்களே இல்லாத உலகத்தையும் பார்க்க முடிகிற இடம் அது. 1924-இல் இன்ஸ்ப்ருக்கில் பிறந்த ஹெர்மன் பூல் சிறு வயதில் ஏறிப் பழகியது இந்தப் பாறைகளில்தான். 1953 ஜூலை 3 அன்று 8,126 மீட்டர் உயரமுள்ள நங்க பர்வதத்தின் உச்சியை அவர் எட்டினார். அதன்மேல் முதலில் கால்வைத்த மனிதர் அவர். கடைசிக் கட்டம் முழுவதையும் தனியாக, ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் ஏறினார். இமயத்தின் ஒரு பெரும் சிகரத்துக்கான பயிற்சி இந்த ஊரின் கொல்லைப்புறத்தில் தொடங்கியது என்பதை அந்த முகட்டில் நின்றபடி நினைத்துப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

நோர்ட்கெட்டே கற்றுக்கொள்கிறவர்களுக்கான மலை அல்ல. ஹாஃபலேகாரிலிருந்து இறங்கும் சரிவு 70 சதவீதச் சாய்வு கொண்டது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான சறுக்குப் பாதைகளில் ஒன்று அது. புதியவர்கள் நகரின் தெற்குப் பக்கம் போக வேண்டும். ஸ்டூபாய் பள்ளத்தாக்குக்கு 1904 முதல் ஓடும் ட்ராமில் ஏறி, முட்டர்ஸ் கிராமத்தருகே இறங்கினால் முட்டரர்ஆல்ம் கோண்டோலா நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. மேலே சாய்வு குறைந்த, அகலமான பனிப்பரப்பு. குழந்தைகளுக்குத் தனி இடம். நாங்கள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

பாடம் வாடகைக் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் எடை, உயரம், வயது, முன் அனுபவம் எல்லாம் கேட்கிறார். பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பூட்டு எந்த அளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை இவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். விழும்போது பலகை கழன்றுவிட்டால் கால் தப்பும். கழலாவிட்டால் எலும்பு முறியும். ஆகவே எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லக் கூடாது. பூட்ஸ் இறுக்கமாகத்தான் இருக்கும். குதிகால் உள்ளே அசையக் கூடாது.

பனியில் முதலில் சொல்லித்தருவது நிற்பதும் பக்கவாட்டில் அடியெடுத்து ஏறுவதும். அடுத்தது பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து வேகத்தைக் குறைப்பது. அதன்பின் திருப்பம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடக்காலில் எடையைப் போட வேண்டும். உடம்பு இதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சரிவைக் கண்டதும் பயத்தில் பின்னால் சாயத்தான் தோன்றுகிறது. பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடிப்பை இழந்து, இன்னும் வேகமாக ஓடுகிறது. பள்ளத்தை நோக்கி நெஞ்சை முன்னால் கொண்டுபோனால்தான் பலகை சொன்னபடி கேட்கிறது. எந்தப் பக்கம் பயமோ அந்தப் பக்கமே சாய வேண்டும் என்ற இந்த ஒரு பாடம்தான் பனிச்சறுக்கின் உயிர். ஒன்பது வயது மகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். இரண்டு சறுக்கலுக்குப் பிறகு அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

இந்தப் பாடமுறைக்கு வடிவம் தந்தவரும் இந்தப் பக்கத்து மனிதர்தான். ஆர்ல்பெர்க் பகுதியில் ஸ்டூபன் என்ற சிற்றூரில் 1890-இல் பிறந்த ஹன்னஸ் ஷ்னைடர், குனிந்த உடம்போடு படிப்படியாகத் திருப்பங்களைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். 1921-இல் சாங்க்ட் ஆன்டனில் அவர் நிறுவிய பள்ளியிலிருந்து அது உலகமெங்கும் பரவியது. 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அவரைச் சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டு அவர் அமெரிக்காவில் குடியேறி அங்கும் கற்பித்தார். சாங்க்ட் ஆன்டன், இன்ஸ்ப்ருக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள் ஒரு நாள் அங்கே போய்வரலாம்.

விதிகளையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் நீலப் பாதை எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். முன்னால், கீழே போகிறவருக்கே முதல் உரிமை. பின்னால் வருபவர்தான் விலகிப் போக வேண்டும். குறுகலான இடத்தில் நடுவழியில் நிற்கக் கூடாது. கயிறு கட்டி மூடிய பாதைக்குள் நுழையவே கூடாது. 1999 பிப்ரவரியில் இதே திரோலின் கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவு 31 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அங்குள்ளவர்கள் எச்சரிக்கைப் பலகைகளை அவ்வளவு மதிப்பதற்கு இத்தகைய நினைவுகள்தான் காரணம்.

புதிதாகக் கற்கிறவரின் கால்கள் மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். தொடை நடுங்கும்போது தொடர்ந்து சறுக்குவது ஆபத்து. எப்படியும் நான்கு மணி வாக்கில் லிஃப்ட்டுகள் நின்றுவிடும், ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். மலைக் கிராமத்தில் என்றால் அதற்குமேல் விடுதியும் மது அருந்தகமும்தான். நகரத்திலோ நாளின் இரண்டாவது பாதி அப்போதுதான் தொடங்குகிறது. காலை முழுவதும் நானும் மகளும் பனியில் இருக்க, அம்மாவும் மனைவியும் மாறி மாறி ஒரு காபிக் கடையிலோ அருங்காட்சியகத்திலோ இருந்தார்கள். மதியத்துக்குமேல் எல்லோரும் சேர்ந்து நடந்தோம்.

பழைய நகரத்தின் நடுவில் தங்கக் கூரை. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக 1500-இல் கட்டி முடித்த மாடம் அது. கூரையில் தங்கமுலாம் பூசிய 2,657 செப்பு ஓடுகள். கீழே சதுக்கத்தில் நடக்கும் வீர விளையாட்டுகளை மன்னர் அங்கிருந்து பார்ப்பார். சில அடிகள் தள்ளி, அவர் நினைவாகப் பேரன் ஃபெர்டினாண்ட் கட்டிய ஹோஃப்கிர்ஹே தேவாலயம். நடுவில் பெரிய பளிங்குச் சமாதி. அதன் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட 28 வெண்கலச் சிலைகள் கறுத்து நிற்கின்றன. மூதாதையர், உறவினர், கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆர்தர் சிலைக்கு வரைபடம் தந்தவர் ஓவியர் ட்யூரர். சமாதிக்குள் மட்டும் யாரும் இல்லை. மாக்ஸிமிலியனின் உடல் வியன்னாவுக்குத் தெற்கே வீனர் நொய்ஸ்டாட்டில் இருக்கிறது. ஆறேழு தலைமுறை உறவுகளை நினைவில் வைத்திருக்கும் என் அம்மா, ஒவ்வொரு சிலையாக நின்று இவர் அவருக்கு என்ன முறை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார்.

மரியா தெரேசியா தெருவின் தெற்கு முனையில் வெற்றி வளைவு. 1765-இல் இளவரசர் லியோபோல்டின் திருமணத்தை ஒட்டி எழுப்பியது. திருமண விழா நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் தந்தை, பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ், இந்த ஊரிலேயே இறந்துபோனார். வளைவின் தெற்கு முகத்தில் கல்யாணக் களிப்பையும் வடக்கு முகத்தில் துக்கத்தையும் செதுக்கிவிட்டார்கள்.

ட்ராமில் சற்றுத் தெற்கே போனால் பெர்கிஸல் குன்று. 1809-இல் நெப்போலியனின் படைகளையும் பவேரியப் படைகளையும் எதிர்த்து ஆந்த்ரியாஸ் ஹோஃபர் தலைமையில் திரோல் விவசாயிகள் போரிட்ட களம். ஹோஃபரை மறு ஆண்டு மாந்துவாவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் எலும்புகள் இப்போது ஹோஃப்கிர்ஹேயில் உள்ளன. அந்தக் குன்றின்மேல் இன்று நிற்பது ஸாஹா ஹதீத் வடிவமைத்து 2002-இல் திறந்த ஸ்கீ தாவல் கோபுரம். ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் நான்கு மலைப் போட்டியின் ஒரு கட்டம் இங்கே நடக்கும். கோபுரத்தின் மேலிருந்து வீரர் பார்க்கும் திசையில் முதலில் தெரிவது வில்டன் கல்லறைத் தோட்டம். அதைப் பார்த்தபடியே தாவுகிறார்கள்.

இந்த ஊரில் 1964-இலும் 1976-இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. 1964-இல் பனியே விழவில்லை. ஆஸ்திரிய ராணுவ வீரர்கள் மலைமேலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டிச் சறுக்குவண்டிப் பாதைகளுக்குக் கொண்டுவந்தார்கள். 40,000 கன மீட்டர் பனியைச் சறுக்குத் தளங்களில் கொண்டுவந்து கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். இந்தியா முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது அந்த ஆண்டுதான். போலந்தில் பிறந்த ஜெரமி புயகோவ்ஸ்கி ஒரே இந்திய வீரராகப் பனிச்சறுக்கில் இறங்கினார். 1976 போட்டிகள் அமெரிக்காவின் டென்வருக்குப் போக வேண்டியவை. கொலராடோ மக்கள் 1972-இல் வாக்களித்து வேண்டாம் என்றதால் மறுபடி இன்ஸ்ப்ருக்குக்கே வந்தன. அப்போது பாட்ஷர்கோஃபல் மலையில் ஃபிரான்ஸ் க்ளாமர் 0.33 வினாடியில் சுவிஸ் வீரர் ரூசியை முந்தித் தங்கம் வென்ற ஓட்டத்தைப் பற்றி ஆஸ்திரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். அந்த மலையும் நகரப் பேருந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

1964-இன் பனிப் பஞ்சம் இப்போது அடிக்கடி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸ் ஏறத்தாழ 2 டிகிரி சூடேறியிருக்கிறது. இது உலகச் சராசரியைப்போல இரு மடங்கு. தாழ்வான தளங்கள் இயந்திரப் பனியை நம்பியே நடக்கின்றன. அந்த இயந்திரங்களுக்கும் உறைநிலைக்குக் கீழான குளிரும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். பனி நிச்சயம் வேண்டுமென்றால் ஸ்டூபாய் பனியாற்றுக்குப் போக வேண்டும். நகரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே 3,210 மீட்டர்வரை ஏறலாம். அந்தப் பனியாறும் சுருங்கிவருகிறது. கோடையில் அதன் சில பகுதிகளைத் துணி போர்த்திக் காக்கிறார்கள். அங்கே போகிற நாம் காரை வாடகைக்கு எடுக்காமல் ரயிலையும் ட்ராமையும் பேருந்தையும் பயன்படுத்துவது குறைந்தபட்ச மரியாதை. நகரத்தில் தங்கினால் அது எளிது.

மலைப் பயணத்தில் வானிலை யார் சொல்லும் கேட்காது. தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக் காற்று வீசும் நாளில் வானம் துல்லியமாகத் தெளியும், ஆனால் கேபிள் கார்கள் நின்றுவிடும். எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. அன்று ஆம்ப்ராஸ் கோட்டைக்குப் போனோம். பதினாறாம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபெர்டினாண்ட் கோமகன் சேர்த்த கவசங்களும் அதிசயப் பொருட்களும் அதற்கென்றே அவர் கட்டிய கட்டடங்களில் இன்றும் இருக்கின்றன. கிராமத்தில் தங்கியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்கும்.

சைவ உணவுக்காரர்களுக்குத் திரோல் கைவிடாது. பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் சேர்த்த காஸ்ஷ்பாட்ஸ்லன், பிளம் ஜாம் வைத்து அவித்துக் கசகசா தூவிய கெர்ம்க்னோடல், பிய்த்துப் போட்டு உலர்திராட்சையோடு வறுத்த கைசர்ஷ்மார்ன் மூன்றும் மலைக்குடில்களில் கிடைக்கும். மாவில் முட்டை உண்டு என்பதை முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டும்.

திட்டமிடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைக் கூட்டம் அதிகம். ஜனவரி நடுப்பகுதியும் மார்ச்சும் நல்லவை. மார்ச்சில் பகல் நீளம், வெயில் இதம். உயரத்தில் வெயில் கடுமை, பனி அதைத் திருப்பியடிக்கும், ஆகவே சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் கட்டாயம். ஜாக்கெட், ஹெல்மெட், பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சாதாரணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேராமல் இருக்கலாம். மலை மீட்பு ஹெலிகாப்டர் செலவும் சேர்ந்த திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சுற்றியுள்ள சறுக்குத் தளங்கள், பேருந்துகள், நகர அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டாக ஸ்கீ பிளஸ் சிட்டி பாஸ் இருக்கிறது. பயிற்சிக்கு ஆசிரியரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தெரிந்த நண்பர் கற்றுத்தருவார் என்று நம்பி மேலே போகாதீர்கள்.

பனிச்சறுக்கு என்பது இளைஞர்களுக்கும் பணக்காரர்களுக்கும் மட்டுமான விளையாட்டு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது அரை நாள் பாடம், அரை நாள் ஊர் சுற்றல் என்று அமைந்தால் ஒரு முழுக் குடும்பத்துக்கான பயணமாகிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுங்கள்.